எடைக்குப் போட்ட பெட்டி

ஜோஹன்னஸ்பர்க்
ஞாயிறு மாலை

அன்புள்ள கண்ணா,

போன வாரம் போனில் "வரையறதெல்லாம் விட்டுட்டேன்மா, வரைய என்ன இருக்கு? ரூம், ரயில், ஆபீஸ், அவ்வளவுதான்" என்றாய். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ராத்திரி முழுக்க அதுவே மனதில் ஓடியது. நேரில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியில் முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே சாம் நிலெங்கெத்வா என்று ஓர் ஓவியர் இருக்கிறார். அந்தப் பெயர் என் வாயில் இன்னும் சரியாக வரவில்லை. இந்த ஊர்க்காரர்கள் சொல்லும்போது 'ல'வோடு சேர்ந்து மெல்லிசாக ஒரு காற்று சீறும். சென்ற மாதம் அவருடைய படங்களைப் பார்க்கப் போயிருந்தேன். தூரத்திலிருந்து பார்த்தபோது தூரிகையால் வரைந்தது என்றுதான் நினைத்தேன். கிட்டே போனால், பாதிக்குமேல் கத்தரித்து ஒட்டிய காகிதம்! கோட்டு ஒரு பத்திரிகையிலிருந்து, கை வேறொன்றிலிருந்து, முகம் ஏதோ பழைய போட்டோவிலிருந்து. தலை உடம்புக்குக் கொஞ்சம் பெரிதாகக்கூட இருக்கிறது. தரையும் சுவரும் நிழலும் மட்டும் வண்ணம். அந்த நிழல்தான் வெட்டிய துண்டுகளை எல்லாம் ஒரே இடத்தில் நிற்க வைக்கிறது.

நான் நிறைய நேரம் அங்கேயே நின்றேன். உன் பெட்டி ஞாபகம் வந்துவிட்டது.

நீ பத்தாவது படிக்கும்போது செருப்பு அட்டைப்பெட்டி நிறைய வெட்டி வைத்திருந்தாயே, பஸ் படம், நடிகர்களின் மீசை, பட்டுப்புடவை விளம்பரம். பரீட்சை நேரத்தில் அதையும் பழைய பேப்பரோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டேன். நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாய், அவ்வளவுதான். நான் குப்பை என்று நினைத்தேன், கண்ணா. அது தப்பு. இத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறேன்.

நிலெங்கெத்வா 1955-இல், இந்த நகரத்துக்குக் கிழக்கே ஸ்பிரிங்ஸ் என்ற தங்கச் சுரங்க ஊரை ஒட்டி, கறுப்பர்கள் வாழ்ந்த பேன்வில் குடியிருப்பில் பிறந்தவர். அந்தக் குடியிருப்பையே வெள்ளையர் அரசு காலி செய்துவிட்டது. நான் கறிவேப்பிலை வாங்கப் போகும் ஃபோர்ட்ஸ்பர்க்கில் ஓரியண்டல் பிளாசா இருக்கிறதே, அதுவும் பக்கத்துப் பகுதியிலிருந்து துரத்தப்பட்ட இந்திய வியாபாரிகளுக்காகக் கட்டியதுதான். அதே ஃபோர்ட்ஸ்பர்க்கில், பை தைத்துக்கொண்டிருந்த பழைய ஆலை ஒன்றை 1991-இல் ஓவியர்கள் சேர்ந்து பட்டறையாக்கினார்கள். இவரும் அவர்களில் ஒருவர். இத்தனை வருஷம் அந்தப் பக்கம் போய் வருகிறேன், எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

1990-இல் செய்த ஒரு படத்தைப் புத்தகத்தில் பார்த்தேன். கறுப்பர்களின் உரிமைக்காகப் போராடிய ஸ்டீவ் பீக்கோ என்ற இளைஞரைப் போலீஸ் காவலில் அடித்தார்கள், 1977-இல் இறந்தார். அவர் சாவு தன்னை ஒன்றும் செய்யவில்லை என்று அன்றைய அமைச்சர் சொன்னார். அந்தப் பேச்சிலிருந்தே படத்துக்குத் தலைப்பை எடுத்திருக்கிறார் நிலெங்கெத்வா. வெறும் அறை, தரையில் ஓர் உடம்பு, துண்டு துண்டாக ஒட்டிய முகம். அடிபட்ட முகத்தை வழவழவென்று தீட்டியிருந்தால் பொய்யாகத் தெரிந்திருக்கும். கிழிந்த காகிதம்தான் அதைச் சொல்ல முடியும் என்று தோன்றியது. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் அவர் எப்போதும் அப்படிப்பட்டதையே செய்துகொண்டிருக்கவில்லை. தெருவில் நின்று பேசும் இரண்டு பேர், ஜாஸ் வாசிப்பவர்கள், சுரங்கத்துக்குப் போகிறவர்கள், தெருவில் திரியும் ஆடுகள், நாற்காலி போட்ட ஒரு கூடம். கூடத்துச் சுவரில் தனக்குப் பிடித்த வேறு ஓவியர்களின் படங்களை மாட்டி வைப்பார், நாம் தாத்தா போட்டோ மாட்டுவதுபோல. 2013-இல் வெனிஸ் கண்காட்சிக்கு இந்த நாட்டின் சார்பில் போனவர்களில் அவரும் ஒருவர். ரூம், ரயில், ஆபீஸ் என்றாயே, அவர் கையில் இருப்பதும் ஏறக்குறைய அதுதான்.

அப்புறம் நானே தெருவை வேறு மாதிரி பார்க்கத் தொடங்கிவிட்டேன். இங்கே மினிபஸ்ஸைத்தான் டாக்ஸி என்கிறார்கள். ஆள்காட்டி விரலை மேலே நீட்டினால் ஊருக்குள் போகிறது என்று அர்த்தம். கடைசி வரிசையில் உட்கார்ந்தவரின் காசு ஒவ்வொரு கையாக மாறி டிரைவரிடம் போகும், மீதியும் அதே வழியில் திரும்பி வரும். நேற்று அந்தக் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தேன். மோதிரம் போட்டது, பெயின்ட் ஒட்டியது, ஒரு குழந்தையின் கை. உன்னிடம் காட்ட வேண்டும்போல் இருந்தது.

தீபாவளிக்கு அப்பாவின் ஆபீஸ்காரர் ஒருவர் சென்னை வருகிறார். அவரிடம் ஒரு பெட்டி கொடுத்து விடுகிறேன். இரண்டு மாதமாகச் சேர்த்தது: இந்த ஊர்ப் பேப்பர், சூப்பர்மார்க்கெட் நோட்டீஸ், முடி பின்னும் கடையில் கொடுத்த படத்தாள். எதையும் நான் வெட்டவில்லை, எது வேண்டும் என்று உனக்குத்தான் தெரியும். பசை அங்கேயே வாங்கிக்கொள். கத்தரிக்கோல் தையல் மெஷின் டிராயரில் இருக்கிறது, உன் பழையதுதான். அதை மட்டும் எடைக்குப் போடவில்லை.

அன்புடன்,
அம்மா