சஜெஸ்டுக்குப் பின்னால் என்ன வரும் என்பதையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பின் ஆங்கிலப் பகுதியில் சென்ற வாரம் 'சஜெஸ்ட்', 'அட்வைஸ்' இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, இரண்டுக்கும் 'ஆலோசனை கூறு' என்றே பொருள் எழுதியிருந்தீர்கள். பொருளில் குற்றமில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டது, மாப்பிள்ளை பெயரை மட்டும் சொல்லிவிட்டு எந்த ஊர், எந்தக் கோயில் என்று சொல்லாத மாதிரி இருக்கிறது. எங்கள் பக்கத்து நகரத்தார் வீடுகளில் அதைக் கேட்காமல் சம்பந்தப் பேச்சே தொடங்காது. வினைச்சொல்லுக்கும் பின்னால் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று ஒரு கட்டு உண்டு.

நான் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள். இங்கே கானாடுகாத்தானிலும் சுற்றுவட்டாரத்திலும் பெரிய வீடுகள் சில தங்கும் விடுதிகளாகிவிட்டன. அங்கே வேலை பார்க்கும் டிரைவர்கள், சமையல்கட்டுப் பெண்கள், வீட்டைச் சுற்றிக்காட்டும் பையன்கள் எல்லாம் சாயங்காலம் என் திண்ணைக்கு ஆங்கிலம் படிக்க வருகிறார்கள். விருந்தினர்கள் காலைக் காபியோடு கேட்கிற கேள்வியே 'வாட் டூ யூ சஜெஸ்ட்?' என்பதுதான். அதனால் இந்தச் சொல் எங்களுக்குப் பரீட்சைச் சொல் இல்லை, பிழைப்புச் சொல்.

உங்கள் பகுதியைப் படித்துவிட்டு வந்தவர்கள் எல்லோரும் 'அட்வைஸ்' நடக்கிற வழியிலேயே 'சஜெஸ்'டையும் நடத்தினார்கள். 'ஹி அட்வைஸ்டு மீ டு கோ' சரி. 'ஹி சஜெஸ்டட் மீ டு கோ' கிடையவே கிடையாது. ஆளை நேராகப் பின்னால் நிறுத்த 'சஜெஸ்ட்' சம்மதிக்காது. 'டு கோ' என்ற வாலும் அதற்கு ஒட்டாது. இரண்டுக்கும் ஒரே தமிழ்ப் பொருளைக் கொடுத்தால் பிள்ளைகள் வேறு என்னதான் செய்வார்கள்?

'சஜெஸ்ட் மீ எ குட் பிளேஸ்' என்பதும் அறியாமையால் வருவதில்லை. 'எனக்குக் கொடு', 'எனக்குக் காட்டு', 'எனக்குச் சொல்லு' மூன்றும் ஆங்கிலத்தில் 'கிவ் மீ', 'ஷோ மீ', 'டெல் மீ' ஆகின்றன. நாலாவதும் அப்படியே ஆகும் என்று நினைப்பது நியாயமான கணக்குதான். ஆங்கிலம்தான் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படவில்லை. ஆள் கட்டாயம் வேண்டுமென்றால் கடைசியில் 'டு மீ' என்று வரலாம். பெரும்பாலும் ஆளே வேண்டியதில்லை. 'குட் யூ சஜெஸ்ட் எ குட் பிளேஸ்?' போதும்.

இதைச் சொன்னபோது ஒரு டிரைவர் என்னை மடக்கினார். "டீச்சர், நேத்து வந்த வெள்ளைக்காரம்மாவே 'சஜெஸ்ட் மீ'ன்னுதான் கேட்டாங்க. நீங்க தப்புங்கிறீங்களே?" எந்த நாட்டம்மா என்று விசாரித்தேன். பிரான்ஸ். பிரெஞ்சில் இந்த வினையோடு 'எனக்கு' நேராக ஒட்டிக்கொள்ளும். அந்தம்மா தன் பாஷையை ஆங்கிலத்தில் பேசியிருக்கிறார். இங்கே வருகிறவர்களில் பிரெஞ்சுக்காரர்கள் நிறைய. வெள்ளைத்தோல் எல்லாம் ஆங்கிலம் என்று நம்பிப் பாடம் எடுத்துக்கொள்ளும் ஆபத்தை நான் பள்ளிக்கூடத்தில் சந்தித்ததே இல்லை.

என் திண்ணையில் இப்போது ஆளுக்குத் தேவையான அளவே சொல்லிக்கொடுக்கிறேன். சமையல்கட்டுக்குப் பெயர்ச்சொல்லே போதும்: 'ஐ சஜெஸ்ட் தி வெள்ளைப் பணியாரம்.' முடிந்தது. டிரைவர்களுக்கு அது பற்றாது. 'ஐ சஜெஸ்ட் கோயிங் டு குன்றக்குடி' என்றால் இலக்கணம் சுத்தம், ஆனால் போகப்போவது யார் என்பது அதில் இல்லை. நீங்களும் கூட வருவீர்கள் என்று விருந்தினர் எடுத்துக்கொண்டால் அவரோடு மலைப்படி ஏற வேண்டியதுதான். காரிலேயே காத்திருக்க ஆசைப்படுகிறவர் 'ஐ சஜெஸ்ட் தட் யூ கோ' என்று சொல்லிவிடுவது உத்தமம்.

இந்த 'தட்' நமக்கு அந்நியமில்லை. 'காலையிலேயே போகலாம் என்று சொன்னார்' என்பதில் வரும் 'என்று' செய்கிற வேலையைத்தான் அதுவும் செய்கிறது. நாம் பின்னால் வைப்பதை அவர்கள் முன்னால் வைக்கிறார்கள். இதைச் சொன்ன அன்றே பலருக்குப் பிடிபட்டுவிட்டது. தமிழ்ப் பத்திரிகை தமிழைக் கொண்டே ஆங்கிலம் சொல்லித்தர இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

இன்னொன்று. 'சஜெஸ்ட் தட்' வந்தால் அடுத்த வினை எப்போதும் மொட்டையாகத்தான், அதாவது 'எஸ்', 'எட்' எதுவும் ஒட்டாமல்தான், வர வேண்டும் என்று போட்டித் தேர்வு கைடுகளில் அடித்துச் சொல்கிறார்கள். யோசனை சொல்லும்போது அது சரி: 'தி டாக்டர் சஜெஸ்டட் தட் ஹி டேக் ரெஸ்ட்.' பிரிட்டிஷ் வழக்கில் நடுவே 'ஷுட்' போட்டும் சொல்வார்கள், அதுவும் சரி. ஆனால் இதே சொல்லுக்கு 'காட்டுகிறது', 'உணர்த்துகிறது' என்றும் பொருள் உண்டு. முகப்பில் பர்மா தேக்குத் தூண் நிற்கிறது. வீட்டுக்காரர்களுக்கு ரங்கூன் பக்கம் கொடுக்கல் வாங்கல் இருந்திருக்கும் என்று அது சொல்கிறது. இதை 'தி பில்லர்ஸ் சஜெஸ்ட் தட் தி ஃபேமிலி ஹேட் பிசினஸ் இன் பர்மா' என்கிறோம். தூண் யோசனை சொல்லவில்லை, அடையாளம் காட்டுகிறது. ஆகவே வினை காலத்துக்கேற்ப 'ஹேட்' என்றே வரும். வீடு சுற்றிக்காட்டும் பையன்களுக்கு இந்தப் பொருள்தான் அதிகம் உதவுகிறது. உங்கள் பகுதியில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

இடம் போதாது என்று சொல்வீர்கள். வாரம் பத்துச் சொல்லை இரண்டாகக் குறைத்துவிடுங்கள். எடுத்துக்காட்டுகளில் ஜானையும் மேரியையும் லண்டனுக்கு அனுப்புவதை விட்டு, அவர்களை ஆத்தங்குடியில் கண்ணாடித் தட்டின்மேல் தரைக்கல் வார்க்கிற பட்டறைக்கோ திருமயம் கோட்டைக்கோ அனுப்புங்கள். படிக்கிறவன் மறுநாளே வாயில் போட்டுப் பார்க்கிற வாக்கியமாக இருக்கட்டும்.

அடுத்த வாரம் 'எக்ஸ்பிளெயின்' என்று அறிவித்திருக்கிறீர்கள். அதுவும் இதே குணம்தான்: 'எக்ஸ்பிளெயின் மீ' கிடையாது, 'எக்ஸ்பிளெயின் இட் டு மீ' என்றே வரும். அச்சுக்குப் போவதற்குள் அந்த 'டு'வையாவது சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
கானாடுகாத்தான்