ஆண்டறிக்கை: வழக்கமான கூட்டங்களும் நவம்பர் 1-ம்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. மழையால் ஒன்று மட்டும் நின்றுபோனது. புதிதாகச் சேர்ந்தவர்களில் கல்லூரிப் பிள்ளைகள் அதிகம். வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார். நவம்பர் 1 கூட்டத்தைப் பற்றித்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அது தாய்த்தமிழகத்தோடு இணைந்த நாள். 1956-ல் அன்றுதான் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துக்கு வந்தன. இணைப்புப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய மார்ஷல் நேசமணியையும், அந்தப் போராட்டத்தின்போது 1954 ஆகஸ்ட் 11 போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் உயிர்விட்டவர்களையும் ஆண்டுதோறும் நினைக்கிறோம். இந்த முறையும் அஞ்சலி செலுத்தினோம். அப்புறம், அதே நாள் மற்ற பகுதிகளுக்கு என்ன செய்தது என்று ஆளுக்கொன்றாகப் படித்துவந்து பேசச் சொன்னோம்.

தேவிகுளம், பீர்மேடு பற்றிப் பேச்சு வந்ததும் கூட்டம் சூடுபிடித்தது. இணைப்புக்காகப் போராடிய கட்சியான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது ஒன்பது தாலுகா. கிடைத்தது நம் நான்கும் செங்கோட்டையின் ஒரு பகுதியும். நெய்யாற்றின்கரை, சித்தூரோடு அந்த இரண்டு மலைத் தாலுகாக்களும் கேரளத்துக்குப் போயின. அங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோர் தோட்டவேலைக்கு வந்துபோகிறவர்கள் என்பது மாநில எல்லைகளை மாற்றியமைக்கப் பரிந்துரை செய்த பசல் அலி கமிஷன் சொன்ன காரணங்களில் ஒன்று. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்களுக்கு இது நியாயமா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. 'குளமாவது மேடாவது' என்று தேவிகுளம், பீர்மேட்டை அலட்சியமாகக் காமராஜர் சொன்னதாக மேடைதோறும் சொல்கிறார்களே, எங்கே ஆதாரம் என்று இன்னொருவர் எழுந்தார். அரை மணி நேரம் போயிற்று. யாரும் ஆதாரம் காட்டவில்லை, யாரும் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

1956-ன் அதே நவம்பர் 1-ல் சென்னை மாநிலத்திலிருந்து மலபார் கேரளத்துக்கும், தென்கன்னடத்தின் பெரும்பகுதியும் கொள்ளேகாலும் மைசூருக்கும் போனதைப் பலர் அன்றுதான் கேள்விப்பட்டார்கள். எல்லை மாறியும் பெயர் மட்டும் மாறவில்லை. தமிழ்நாடு என்ற பெயர் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக விருதுநகரில் உண்ணாவிரதம் இருந்த சங்கரலிங்கனார் இறந்தது அக்டோபர் 13. மாநிலம் பிறக்க மூன்று வாரம்கூட இல்லை. சட்டமன்றத் தீர்மானத்துக்கு 1967 ஜூலை 18 வரையும், பெயர் நடைமுறைக்கு வர 1969 ஜனவரி 14 வரையும் ஆயிற்று.

புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்திய நிர்வாகத்துக்கு வந்ததும் நவம்பர் 1-ல்தான், 1954-ல். இதைப் பேசியவர் கல்லூரி மாணவி. கீழூரில் மக்கள் பிரதிநிதிகளிடம் நடந்த வாக்கெடுப்பில் 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவு தந்ததையும், சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16 வரை இழுத்ததையும் குறிப்பு பார்க்காமலே சொன்னார். மூத்தவர்கள் கவனிக்க.

தமிழ்நாடு நாளை அரசு ஜூலை 18-க்கு மாற்றிவிட்டதே, நமக்கு எதற்கு நவம்பர் கூட்டம் என்ற கேள்வியைச் செயற்குழு பேசி முடித்தது. ஜூலையில் ஒரு சொற்பொழிவு, நவம்பர் கூட்டம் அப்படியே தொடரும். நம் மாவட்டத்தில் தக்கலை பக்கத்தில் இருந்தாலும் இன்றும் கேரள அரசு பராமரிக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்கு அடுத்த ஆண்டு ஒருநாள் போய்வரலாம் என்ற யோசனையும் வந்திருக்கிறது. வேன் வாடகைக்குப் பணம் வேண்டும். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றே பொருளாளரைப் பார்த்துவிட்டால் நல்லது.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்