சுவாமிமலைக்குப் போகிறோம், பிள்ளைகளை அனுப்பி வையுங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

வரும் சனிக்கிழமை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சுவாமிமலைக்கு அழைத்துப் போகிறோம். "பக்கத்து ஊருக்கு எதற்கு டூர், கொடைக்கானல் போகலாமே" என்று சிலர் கேட்டீர்கள். சுவாமிமலைக்கு நாம் எல்லோரும் போயிருக்கிறோம்தான், முருகனைக் கும்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பியிருக்கிறோம், ஆனால் அதே ஊரில் சிலை வார்க்கிற பட்டறைக்குள் நம் பிள்ளைகளில் அநேகம் பேர் காலெடுத்து வைத்ததே இல்லை. அதனால் பாதி நாளைப் பட்டறைக்கே ஒதுக்கிவிட்டோம்.

முதலில் தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெய் விட்டுக் காய்ச்சி, அந்த மெழுகில் சிலையை முழுசாகச் செய்துவிடுவார்கள், விரல் நகம்கூட அதிலேயே வந்துவிடும். அளவுக்குத் தென்னை ஓலைதான். சிலையின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, மடித்து மடித்து, முகத்துக்கு இவ்வளவு, மார்புக்கு இவ்வளவு என்று பிடிப்பார்கள். (கணக்கு ஆசிரியரும் கூட வருகிறார், பின்னம் பாடத்தை அங்கேயே நடத்தப்போகிறார்.) அப்புறம் மெழுகின் மேல் காவிரி வண்டலைக் குழைத்துப் பூசி, காயவைத்து, மறுபடி பூசி, கம்பி கட்டி, வறட்டி நெருப்பில் சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும், அது விட்டுப்போன இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும், ஆகவே ஒரு அச்சுக்கு ஒரே சிலை. புவிசார் குறியீடு வாங்கிய தொழில் இது. நம் வீட்டு வாசலில் ஓடுகிற ஆற்றின் மண்ணில் இவ்வளவு பெரிய வேலை நடக்கிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

கோயிலில் 60 படிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ் வருடத்தின் பெயர். உங்கள் பிள்ளை பிறந்த வருடத்தின் பெயரைச் சொல்லி அனுப்புங்கள், 2013 சித்திரைக்கு மேல் பிறந்திருந்தால் விஜய, அதற்கு முந்தினது நந்தன. அவரவர் படியை அவரவரே தேடட்டும்.

மாலையில் தாராசுரம். இரண்டாம் இராசராசன் கட்டிய கோயில், 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. யானைக்கும் காளைக்கும் ஒரே தலையாகச் செதுக்கிய சிற்பம் ஒன்று அங்கே இருக்கிறது, ஒரு பக்கத்தைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை.

உலைப் பக்கம் போவதால் பருத்தி உடையும் ஷூவும் கட்டாயம். ஆற்றில் இறங்க யாருக்கும் அனுமதி இல்லை, இதில் பேச்சே கிடையாது. செல்போன் வேண்டாம், நோட்டும் பென்சிலும் போதும். மதியத்துக்குப் புளியோதரையோ தயிர் சாதமோ கட்டிக்கொடுங்கள். வண்டிக் காசு கட்டச் சிரமமாக இருந்தால் என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அதற்காக ஒரு பிள்ளையும் வீட்டில் நிற்கக் கூடாது.

ஒப்புதல் சீட்டைப் புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். சனிக்கிழமை காலை 7 மணிக்கு வண்டி கிளம்பிவிடும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்