இருவாச்சிக் கூட்டு மரத்தடியில் கூட்டம் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஆனைமலை மழைக்காடுகளில் பறவை பார்க்கும் ஆர்வம் பரவிவருவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அந்த ஆர்வம், பெரிய இருவாச்சிப் பறவை இனப்பெருக்கம் செய்யும் மாதங்களில் அது கூடு வைத்திருக்கும் மரத்தடி வரைக்கும் போய்விடுவதால் இதை எழுத வேண்டியுள்ளது.

டிசம்பர், ஜனவரி வாக்கில் பெண் பறவை ஓங்கிய மரமொன்றின் பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தையும் பழச்சக்கையையும் கொண்டு வாயிலைப் பூசி அடைத்துக்கொள்கிறது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவை மட்டும் விட்டுவைத்து, உள்ளேயே சிறகுகளை உதிர்த்து அடைகாக்கும் அதற்கு, ஏறக்குறைய மூன்று நான்கு மாதங்கள் இரை கொண்டுவருவது ஆண் பறவைதான். ஆண் வந்ததும் நேரே பொந்துக்குச் செல்வதில்லை. பக்கத்துக் கிளையில் அமர்ந்து சுற்றுமுற்றும் பார்த்து, ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகே பொந்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, தொண்டையில் அடக்கி வந்த அத்திப் பழங்களை ஒவ்வொன்றாக அலகு நுனிக்குக் கொணர்ந்து ஊட்டுகிறது. கீழே பத்துப் பேர் கேமராவும் முக்காலியுமாகப் பேசிக்கொண்டு நின்றால், பழங்களைச் சுமந்தபடியே திரும்பிவிடக்கூடும். பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே குஞ்சை வளர்த்தெடுக்கும் பறவை இது. 2018 முதல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களைக் குறிக்கும் உலகச் செம்பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனமாகவும் உள்ளது.

போதாக்குறைக்கு, கூட்டின் இருப்பிடத்தைத் துல்லியமாகக் குறித்து வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்கிறார்கள். பதிவுசெய்த குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டுப் பறவைகளை வெளியே வரவழைப்பதும், வால்பாறை அருகே புதுத்தோட்டத்துச் சாலையோரம் சிங்கவால் குரங்குகளுக்குத் தின்பண்டம் வீசுவதும் தனியே எழுத வேண்டிய செய்திகள்.

வழி இல்லாமல் இல்லை. கேரளத்தின் வாழச்சால் காடுகளில், ஒரு காலத்தில் இருவாச்சிக் குஞ்சுகளைப் பொந்திலிருந்து எடுத்துவந்த காடர் பழங்குடியினர் இன்று கூடுகளைக் கண்காணித்துக் காக்கிறார்கள். ஆனைமலையிலும் காடர் குடியிருப்புகள் உண்டு. அவர்களுள் விருப்பமுள்ளோருக்குப் பயிற்சியும் ஊதியமும் அளித்து, கூட்டு மரங்கள் உள்ள பகுதிகளுக்கு அவர்கள் துணையின்றி எவரும் செல்லலாகாது என வனத்துறை விதிக்க வேண்டும். எவ்வளவு தொலைவில் நிற்கலாம், ஒரு நேரத்தில் எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்பதைக் காட்டை அறிந்த அவர்களும் ஆய்வாளர்களும் கூடி முடிவு செய்யட்டும். சுற்றுலா விடுதிகளின் வசதிக்கேற்ப அது வளையக் கூடாது.

அடுத்த பருவம் தொடங்கும் முன், நவம்பருக்குள் இந்த விதிகள் வெளிவந்தால், ஆழியாறு சோதனைச் சாவடியிலேயே மலையேறும் ஒவ்வொரு வண்டிக்கும் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்ட துண்டறிக்கையாகக் கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பொள்ளாச்சி.