வலைக்கொட்டகை எழுந்தது: கரை மக்களுக்கு எங்கள் நன்றி மடல்

அன்புள்ள ஊர்த்தலைவர் ஐயாவுக்கும், கிராமக் கமிட்டிப் பெரியவர்களுக்கும், வலை பொத்தும் அண்ணன்மாருக்கும், ஊற்று காட்டிய அக்காமாருக்கும், பனையேறிகள், ஆசாரிமார், கொத்தனார்கள், சித்தாள்கள் எல்லோருக்கும் எங்கள் கட்டடக்கலை, வடிவமைப்புப் புலத்தின் வணக்கம்.

பெரியபட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் இடையே, மன்னார் வளைகுடாவைப் பார்த்த உங்கள் கரையில், கிழிந்த வலைகளைப் பழுதுபார்க்கும் வலைக்கொட்டகை எழுந்து நிற்கிறது. நீளம் 12 மீட்டர், அகலம் 5 மீட்டர், பன்னிரண்டு பனந்தூண்கள், நாலாபுறமும் சரிந்த ஓலைக் கூரை. பி.ஆர்க். என்ற கட்டடக்கலைப் பட்டப்படிப்பின் நான்காம் ஆண்டு ஸ்டூடியோவின், அதாவது வடிவமைப்பு வகுப்பின், வேலை இது. புலத்தின் ஆண்டுக் கண்காட்சியில் இதன் வரைபடங்களை மாட்டியிருக்கிறோம். ஒவ்வொரு தாளிலும் வடிவமைத்தவர் என்ற கட்டத்தில் உங்கள் ஊரின் பெயரும் சேர்ந்தே இருக்கிறது. எந்த முடிவு யாரிடமிருந்து வந்தது என்று இந்த மடலில் ஒன்றொன்றாக எழுதினால், அந்தப் பெயர் அங்கே இருக்க வேண்டிய காரணம் விளங்கும். வேறொரு கரையில் இப்படி ஒன்றைக் கட்ட நினைப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்றே அளவுகளோடு எழுதுகிறோம்.

முதல் நன்றி வலை பொத்துகிறவர்களுக்கு. கொட்டகையின் தரை கறுப்பாக இருப்பது உங்களால். வலை பின்னிய தங்கூசி என்ற ஒற்றை நைலான் இழைக்கு நிறம் கிடையாது. வெளுத்த தரையில் விரித்தால் அறுந்த கண்ணி எது, நல்ல கண்ணி எது என்று கண்ணுக்குப் பிடிபடாது. அதனால் தரையின் மேல்பூச்சில் கறுப்பு ஆக்சைடு கலந்து, கரணையால் வழவழப்பாகத் தேய்த்தோம். நிறப்பொடி சிமெண்டின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மேல்பூச்சு வலுவிழந்து பொடியத் தொடங்கும். தரைக்கு நூற்றுக்கு ஒன்று என்ற சரிவு கொடுத்ததால், ஈர வலையிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் தேங்காமல் தெற்கே போய்விடுகிறது.

வலை எதில் மாட்டும் என்பதையும் நீங்கள்தான் சொன்னீர்கள். ஆணித்தலை, போல்ட்டு முனை, தூணின் கூர்விளிம்பு, பனஞ்சிராய் எல்லாமே வலையின் எதிரிகள். ஆகவே தரையிலிருந்து 2 மீட்டர் உயரம் வரை எந்த இடத்திலும் இரும்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. தூண்களின் விளிம்பை உருட்டி, சிராய் போக இழைத்து, எண்ணெய் பூசியிருக்கிறோம். வலையைத் தொங்கவிட இரண்டு குறுக்குக் கம்புகள்: உட்கார்ந்து பொத்த 60 சென்டிமீட்டர் உயரத்தில் ஒன்று, நின்று பார்க்க 160 சென்டிமீட்டரில் ஒன்று. கொக்கிக்குப் பதில் கயிற்று வளையம்.

காற்றைப் பற்றிச் சொல்லித் தந்த பெரியவர்களுக்கு அடுத்த நன்றி. தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் மணலை அள்ளிக்கொண்டு வரும். வாடை வடகிழக்கிலிருந்து மழையோடு வரும். இரண்டுக்கும் ஒரே பதில் செல்லாது. காற்று ஓட்டும் மணலில் பெரும்பகுதி தரையை ஒட்டியே தவழ்கிறது. அதனால் மேற்குப் பக்கம் முழுச்சுவர் தேவைப்படவில்லை, 60 சென்டிமீட்டர் உயரத் திண்ணைச் சுவர் போதுமானது. உட்காரவும் அதுவே இடம். சுவரின் வெளிப்புறத்தில் மணல் மேடிட்டுக்கொண்டே வரும். அதை அவ்வப்போது வாரிவிட வேண்டும். திண்ணை மட்டத்துக்கு மேடிட்டுவிட்டால் மணல் சுவரைத் தாண்டி உள்ளே வந்துவிடும். வடக்கும் கிழக்கும் திறந்த பக்கங்கள். வாடை மழைக்கு ஓலைத் தட்டிகள் இறக்கிக் கட்டலாம்.

ஆனால் புயல் எச்சரிக்கை வந்தால் தட்டிகளை மூடக் கூடாது, கழற்றிவிட வேண்டும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைக் கண்ட பெரியவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கணக்கும் அதையே சொல்கிறது. மூன்று பக்கம் மூடி ஒரு பக்கம் திறந்திருந்தால் உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும்; மேலே ஓடும் காற்று அதே கூரையை உறிஞ்சும். இரண்டும் சேர்ந்தால் ஓலையோடு கைமரமும் போகும். நாலாபுறமும் திறந்திருந்தால் காற்று உள்ளே நுழைந்த வேகத்திலேயே வெளியேறிவிடும். முக்கோணச் சுவர் தாங்கும் இருசரிவுக் கூரையை விட்டு நாற்சரிவுக் கூரைக்குப் போனதற்கும், இறவாரத்தை 50 சென்டிமீட்டரோடு நிறுத்தியதற்கும் அதே காரணம்தான்.

அடித்தளத்தின் கணக்கைச் சரிபார்த்துத் தந்த கட்டுமானப் பொறியியல் துறை ஆசிரியர்களுக்கு இங்கே நன்றி சொல்ல வேண்டும். காற்றின் வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். நொடிக்கு 50 மீட்டர் வேகம் என்று வைத்தால் ஒரு சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன் வரும். ஓலைக் கூரையின் சொந்த எடை அதன் முன் சொற்பம். கூரையின் எடையைக் கழித்தபின் ஒவ்வொரு தூணையும் மேலே பிடுங்கும் விசை ஏறத்தாழ 800 கிலோ எடைக்குச் சமம். இந்த மணலில் ஆழக் குழி தோண்டித் தூணை நட்டால் மட்டும் அந்த விசையைத் தாங்காது. ஆகவே ஒவ்வொரு தூணுக்கும் கீழே 75-க்கு 75 சென்டிமீட்டர் சதுரமும் 60 சென்டிமீட்டர் கனமும் உள்ள கான்கிரீட் கட்டை புதைந்திருக்கிறது. அதுவே 800 கிலோவுக்குச் சற்று மேல் வரும். அதன்மேல் 60 சென்டிமீட்டர் மணலின் எடை கூடுதல் காப்பு. ஓலை வேய்ந்த கொட்டகைக்கு இத்தனை பெரிய அஸ்திவாரமா என்று பலர் கேட்டீர்கள். பாரமான வீட்டை அதன் எடையே பிடித்துக்கொள்ளும். எடை குறைந்த கூரைக்குத்தான் நங்கூரம் வேண்டும்.

தூணின் அடி மண்ணைத் தொடவே இல்லை. மரம் உளுத்துப்போவது பெரும்பாலும் தரைமட்டத்தில்தான். ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைப்பது அங்கேயே. கட்டையிலிருந்து எழும் கான்கிரீட் பீடம் தரைக்கு மேல் 45 சென்டிமீட்டர் நிற்கிறது. அதில் பதித்த துருப்பிடிக்காத எஃகுப் பட்டை தூணைக் கவ்வுகிறது. பட்டைக்கு 316 தரம் வாங்கினோம். மலிவான 304-ல் மாலிப்டினம் இல்லாததால் கடற்காற்றின் குளோரைடு அதைப் பொட்டுப் பொட்டாக அரிக்கும். வாங்கும்போது பில்லில் தரத்தை எழுதி வாங்குங்கள், இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

இனி, இந்த மடலில் எங்கள் மனம் அதிகம் நிற்கும் இடம்: தண்ணீர். கம்பி வைத்த கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரநிலை 456-ன் விதி. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் அந்த வரம்பை வெகுவாகத் தாண்டியிருந்தது. அக்காமார் மணலில் கையகல ஊற்று தோண்டிக் காட்டினீர்கள். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. முழங்கால் ஆழத்தில் நிறுத்தி, ஊறவிட்டு, மேலாக மொள்ள வேண்டும். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினாலோ மோட்டார் வைத்து இழுத்தாலோ கீழிருந்து உப்புநீர் ஏறிவிடும், பிறகு அந்த ஊற்று நாளைக்குக் குடிக்கவும் உதவாது. குடிநீருக்குப் போக மிஞ்சியதை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லி, எந்த ஊற்றில் எத்தனை குடம் என்று கணக்கும் வைத்தீர்கள். போதாததற்கு டேங்கர் லாரித் தண்ணீர் வாங்கி, ஆய்வகத்தில் பரிசோதித்துவிட்டுச் சேர்த்தோம். குடிக்கிற தண்ணீரை ஒரு கட்டடத்துக்குப் பகிர்ந்து தந்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. உங்கள் நீரில் ஒரு குடமும் வீணாகாதபடி, கட்டைகளின் மேல் ஈரச் சாக்கு போர்த்தி, அதன்மேல் தார்பாய் மூடி நனைத்தோம்.

கான்கிரீட்டைப் பற்றி இன்னும் இரண்டு வரி. உப்புத்தூறல் படும் இடத்துக்கு அதே தரநிலை எம்-35 கலவை, கன மீட்டருக்குக் குறைந்தது 340 கிலோ சிமெண்ட், சிமெண்ட் எடையில் 0.45-க்கு மிகாத தண்ணீர், கம்பிக்கு மேல் 50 மில்லிமீட்டர் மூடுகனம் என்கிறது. மூடுகனம் குறையாதபடி கம்பியைத் தாங்கும் கவர் பிளாக் இல்லாமல், கம்பியைச் செங்கல் துண்டின்மேல் தூக்கி வைத்த கான்கிரீட்தான் கரையெங்கும் வெடித்துக் கிடக்கிறது: உப்பு கம்பியை எட்டும், கம்பி துருவேறிப் பருக்கும், மேலே இருப்பது பாளம் பாளமாக உதிரும். கொத்தனார்களே, கவர் பிளாக்கை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக் கட்டினீர்கள். கரைமணலை எவ்வளவு கழுவினாலும் கலவையில் சேர்க்க மாட்டேன் என்று மறுத்ததும் நீங்கள்தான்.

பனைக்கு வருவோம். நிற்கும் பனை எதையும் இதற்காக வெட்டவில்லை. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பு இல்லாவிட்டாலும் வெட்டியிருக்க மாட்டோம். இடித்த பழைய வீடுகளின் மரமும், காற்றில் சாய்ந்த மரங்களும் கிடைத்தன. பனையின் வைரம், அதாவது உறுதியான பகுதி, வெளிப்புறத்தில், அடிமரத்தில் இருக்கிறது. நடுவில் இருப்பது மெத்தென்ற வெறும் சோறு. ஆசாரி ஐயாமார் ஒவ்வொரு மரத்தையும் சுத்தியலால் தட்டி, கணீரென்றால் எடுத்து, மந்தமாக ஒலித்தால் ஒதுக்கினீர்கள். நீளவாக்கில் பிளந்து சோற்றைச் செதுக்கி எறிந்ததால் கறையானுக்கு நுழைய இடமில்லை. வைரப் பனையில் நேராக ஆணி அடித்தால் ஆணி வளையும் அல்லது மரம் பிளக்கும். துளையிட்டு, முளை அடித்து, கயிற்றால் கட்டுவதே சரி என்று காட்டினீர்கள்.

பனையேறி அண்ணன்மார் பதநீர்க் காலம் முடிந்தபின் ஓலை வெட்டித் தந்தீர்கள். குருத்தையும் அதை அடுத்த இளம் ஓலைகளையும் விட்டு, முற்றிய கீழோலைகளை மட்டும் இறக்கினீர்கள். ஓலையை ஒருநாள் வெயிலில் வாட்டி, பிறகு அடுக்கிப் பாரம் வைத்தால் தட்டையாகப் படியும். பச்சையாகவே அடுக்கினால் உள்ளே வெந்து கறுத்து, கூரைக்கு ஏறும் முன்பே மக்கத் தொடங்கும். கூரைச் சரிவை 40 பாகைக்குக் குறைக்காமல் வைத்ததும் உங்கள் சொற்படியே. சரிவு குறைந்தால் மழைநீர் ஓடாமல் ஓலைக்குள் இறங்கும்.

கூரையைக் கட்டியவர்கள் படகுக்காரர்கள். நைலான் கயிறு நனைந்தால் நீளும்; உலர்ந்த கயிற்றில் போட்ட இறுக்கம் முதல் மழையிலேயே தளரும். எனவே கயிற்றை ஊறவைத்து, குச்சி செருகி முறுக்கி இறுக்கிக் கட்டினீர்கள். வெயில் கயிற்றைத் தின்னும் என்பதால் முடிச்சுகள் எல்லாம் ஓலைக்கு அடியில். ஓலைக்கு மேலே பழைய வலையை விரித்து, அதன் ஓரத்தை விட்டத்தோடு பிணைத்தீர்கள். அந்த வலை இல்லாமல் கச்சானில் ஓலை நுனி நிற்காது.

திண்ணைச் சுவருக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு. சுட்ட கிளிஞ்சலைத் தண்ணீருக்குள் கொட்ட வேண்டும். சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். இரண்டு வாரத்துக்குக் குறையாமல் ஊறிய சுண்ணாம்பு ஒன்று, சலித்த மணல் இரண்டு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர்: இதுவே பூச்சு. கச்சான் அடிக்கும்போது பூசினால் ஈரம் முந்திக்கொண்டு போய், பூச்சு இறுகாமல் பொடியாக நிற்கும். ஒரு வாரம் ஈரச் சாக்கு தொங்கவிட்டுக் காத்த சித்தாள் அக்காமாருக்கு அந்தச் சுவர் கடன்பட்டிருக்கிறது.

இதே சுண்ணாம்பைப் பற்றிப் பழைய பவளக்கல் வீடுகளின் சொந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டைத் திறந்துவிட்டு அளக்க அனுமதித்தீர்கள், நன்றி. அந்தச் சுவர்களில் சிமெண்ட் பூசாதீர்கள். சுவருக்குள் இருக்கும் உப்பு ஈரத்தோடு வெளியேற வழி தேடும். சிமெண்ட் வழியை அடைத்தால் உப்பு அதன் பின்னால் படிகமாகிக் கல்லையே பெயர்த்துத் தள்ளும். சுண்ணாம்புப் பூச்சு தானே உதிர்ந்து கல்லைக் காக்கும். உதிர்ந்ததும் மறுபடி பூசிக்கொள்ளலாம். புதுப் பவளக்கல் இனிக் கிடைக்காது. பவளம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, எடுக்கவும் கூடாது. இருக்கிற சுவர்களைக் காப்பது ஒன்றே வழி. உங்கள் வீடுகளின் அளவு வரைபடப் பிரதிகளை உரியவர்களிடமே ஒப்படைத்துவிட்டோம்.

ஊராட்சி அலுவலகத்தாருக்கும் மீன்வளத் துறை ஊழியர்களுக்கும் நன்றி. 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவர்களுக்கான வலை பழுதுபார்க்கும் இடம், மீன் உலர்த்தும் களம் போன்றவற்றை அனுமதிக்கப்பட்டவையாகக் குறிப்பிட்டது. அந்தப் பத்தியை எடுத்துக்காட்டி விண்ணப்பத்தை எழுத வைத்தது நீங்கள்.

கொட்டகை இப்போது கமிட்டியின் பொறுப்பு. மாற்றுக் கயிறு ஒரு சுருளும், எஃகுப் பட்டைகள் நான்கும், வரைபடத் தொகுதி ஒன்றும் கமிட்டி அலமாரியில் இருக்கின்றன. வாடைக்கு முன் கயிறுகளை ஒருமுறை முறுக்கி இறுக்க வேண்டும், திண்ணைக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். பீடத்தில் துருக்கறை தெரிந்தால் உடனே சொல்லுங்கள். அடுத்த ஆண்டு ஸ்டூடியோ மாணவர்கள் புரட்டாசியில் வந்து உங்களோடு சேர்ந்து கயிறு இறுக்குவார்கள். மேலே விரித்த வலையை மாற்ற வேண்டுமா என்பதை அப்போது நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
கட்டடக்கலை, வடிவமைப்புப் புலத்தின் மாணவர்களும் ஆசிரியர்களும்