இரைச்சல் என்று ஒதுக்காதீர்கள்: ஒரு மைக் செட்காரனின் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு வாசகர் பகுதியில் ஒரு பெரியவர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். அவருடைய பேரன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இங்கிலீஷ் ராக் பாட்டுக் கேட்கிறானாம், அதில் ராகமும் இல்லை, பாவமும் இல்லை, வெறும் கத்தல்தானாம், புரியாத பாஷையில் இதை என்ன சுகத்துக்குக் கேட்கிறார்கள் என்றே தெரியவில்லையாம். பேரனின் கறுப்பு பனியனில் நாலு எழுத்தும் நடுவில் ஒரு மின்னலும் இருக்கிறது என்று அவர் எழுதியிருந்ததைப் படித்ததுமே அது ஏசி/டிசி என்கிற குழு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் குழுவின் பாட்டை நான் 17 வயதிலிருந்து கேட்கிறேன், இப்போது எனக்கு 51. திருமங்கலத்தில் மைக் செட் தொழில். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் கட்டுகிறவன். சத்தத்தோடுதான் என் பிழைப்பு, அந்த உரிமையில் பெரியவருக்கு ஒரு பதில் எழுதுகிறேன்.

1991-ல் பிளஸ் டூ முடித்துவிட்டு மதுரையில் மாசி வீதிப் பக்கம் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். பாட்டுப் பட்டியலைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள், நாங்கள் அதை 60 அல்லது 90 நிமிட கேசட்டில் பதிந்து கொடுப்போம். ஒருநாள் ஒரு காலேஜ் அண்ணன் வெளிநாட்டு கேசட் ஒன்றைக் கொண்டுவந்து இரண்டு காப்பி போடச் சொன்னார். அட்டை முழுக்கக் கறுப்பு. போட்டதும் முதலில் வந்தது பாட்டு இல்லை, மணி. ஒரே ஒரு பெரிய மணி, நிதானமாக, அடித்து அடித்து ஓய்கிறது. கோயிலுக்கு இத்தனை பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த எனக்கு மணிச்சத்தம் புதிதில்லைதான், ஆனால் அந்த மணிக்குப் பின்னால் மெல்ல ஒரு கிடார் வந்து சேர்ந்தபோது கையில் இருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு நின்றேன். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. முதலாளி வந்து தோளைத் தட்டிய பிறகுதான் டெக்கைப் பார்த்தேன்.

அந்த மணி ஏன் அடித்தது என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் குழுவின் பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரி 19 அன்று லண்டனில் இறந்துபோனார், வயது 33. குழுவைக் கலைத்துவிடலாமா என்று யோசித்தவர்களிடம், நிறுத்தாதீர்கள், தொடர்ந்து பாடுங்கள் என்று சொன்னது பானின் அப்பாதான். பிரையன் ஜான்சன் என்கிற புதுப் பாடகரைச் சேர்த்துக்கொண்டு பஹாமாஸ் தீவில் போய்ப் பதிவு செய்து, அதே ஆண்டு ஜூலை 25-ல் 'பேக் இன் பிளாக்' என்ற அந்த ஆல்பத்தை வெளியிட்டார்கள். அட்டை கறுப்பாக இருந்தது துக்கத்துக்கு. மணியும் துக்க மணிதான். அமெரிக்காவில் மட்டும் 2.5 கோடிக்கும் மேல் போயிருக்கிறது. எழவு வீட்டில் கொட்டடிக்கிற ஊர் நம் ஊர், போனவரை ஆட்டத்தோடும் மேளத்தோடும் அனுப்பிவைக்கிறவர்கள் நாம், இது நமக்குப் புரியாமல் போகுமா?

மணி விஷயத்தில் இன்னொன்று. முதலில் இங்கிலாந்தில் லஃப்பரோ என்ற ஊரின் மணிக்கோபுரத்தில் போய்ப் பதியப் பார்த்திருக்கிறார்கள். மணியை அடித்ததும் உள்ளே அடைந்திருந்த பறவைகள் படபடவென்று கிளம்ப, பதிவு வீணாய்ப் போய்விட்டது. பிறகு அதே ஊரில் உள்ள வார்ப்படப் பட்டறையில், இவர்களுக்காகவே வார்த்த மணியை அங்கேயே கட்டித் தொங்கவிட்டுப் பதிந்தார்கள். எடை கிட்டத்தட்ட ஒரு டன். ஒரு சத்தத்துக்காக இவ்வளவு மெனக்கெட்டவர்களின் பாட்டைக் கத்தல் என்று சொன்னால் எனக்குத் தாங்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரசிகர்கள் ஏன் இவர்களை விடமாட்டேன் என்கிறார்கள்?

மேடையில் எல்லோர் கண்ணுக்கும் படுகிறவர் ஆங்கஸ் யங். பள்ளிக்கூட யூனிஃபார்மில் அரைக்கால் சட்டை, டை, தொப்பியோடு ஓடி, உருண்டு, ஒற்றைக் காலில் தத்திக்கொண்டு கிடார் வாசிப்பார். சின்ன வயதில் பள்ளி விட்டு வந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் கிடாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாராம், அதைப் பார்த்த அக்கா மார்கரெட் மேடைக்கும் அதையே போட்டுக்கொள்ளச் சொல்ல, இன்று வரை அதுதான் வேஷம். குழுவின் பெயரும் அந்த அக்கா தையல் மிஷினில் பார்த்துச் சொன்னதுதான். ஆனால் என் மனதில் இருப்பவர் ஆங்கஸ் இல்லை, அவருடைய அண்ணன் மால்கம். 1973-ல் சிட்னியில் இந்தக் குழுவை ஆரம்பித்தவரே அவர்தான். மேடையில் டிரம்ஸ் பக்கத்தில், ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் நிற்பார். கூடச் சேர்ந்து பாட வேண்டிய வரி வந்தால் நாலு எட்டு முன்னால் வந்து மைக்கில் பாடிவிட்டு, திரும்ப அதே இடத்துக்குப் போய்விடுவார். நாற்பது வருடம் இதையேதான் செய்தார். குழுவின் தலைவர் மால்கம்தான் என்று தம்பி ஆங்கஸே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

இதைப் படிக்கிற நாயனக்காரர்கள் இருந்தால் அவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். நாயனக் கச்சேரியில் ஒத்து ஊதுகிறவர் ஒருவர் இருப்பார். அவர் கையில் இருக்கிற குழலில் விரல் வைக்கத் துளையே கிடையாது. ஒரே சுருதி, மூச்சு அறுபடாமல், இரவு முழுக்க. என் சித்தப்பா ஒருவர் ஒத்துக்காரராக இருந்தவர், அதனால் சின்ன வயதிலிருந்தே என் காது முன்வரிசையைத் தாண்டிப் பின்னால் போய்விடும். நாயனம் எவ்வளவு உயரம் போனாலும் திரும்பி வந்து இறங்க ஒத்து இருக்கிறது என்ற தைரியத்தில்தான் போகிறது. ஆங்கஸ் அப்படி உருண்டு புரண்டு ஆடுவதும் அண்ணன் பின்னால் நிற்கிறார் என்கிற தைரியத்தில்தான். எங்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் நாயனத்தில் ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடித்துக்கொண்டு போவதைக் கேட்டவர்களுக்கு, ஒரே வீட்டில் பிறந்த இரண்டு கை சேர்ந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இப்போது சத்தம் பற்றி. இது என் தொழில், கொஞ்சம் விவரமாகவே சொல்லிவிடுகிறேன். பாட்டு பலமாகக் கேட்க வேண்டும் என்றால் வால்யூமைத் திருப்பினால் போதும் என்று என்னிடம் வேலைக்கு வருகிற பையன்கள் எல்லோரும் முதலில் நினைக்கிறார்கள். திருப்பினால் கரகரப்புதான் கூடும், பலம் கூடாது. மால்கமுடைய கிடாரைக் கவனித்துக் கேட்டால் அதில் கரகரப்பு மிகக் குறைவு. தடித்த கம்பிகள் போட்டு, கம்பியின் அதிர்வை வாங்கி ஆம்ப்புக்கு அனுப்புகிற பிக்கப்களில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கழற்றிவிட்டு, ஆம்ப்பையும் அடக்கி வைத்துக்கொண்டு, கையால் ஓங்கி அடிப்பார். பலம் எல்லாம் கையில். அப்புறம் அந்த இடைவெளி. அந்தக் கறுப்பு ஆல்பத்தின் தலைப்புப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அடி விழுகிறது, நிற்கிறது, உள்ளே டிரம்ஸ் மட்டும் நடக்கிறது, திரும்ப விழுகிறது. எல்லோரும் சேர்ந்து நிறுத்துகிற அந்த அரை நொடி மௌனத்தில்தான் கேட்கிறவனுக்கு உடம்பு சிலிர்க்கிறது. நன்றாகத் தப்படிக்கிறவர்களிடமும் இதே வித்தை உண்டு. அடிக்காமல் விடுகிற இடத்தில்தான் ஆடுகிறவன் கால் தூக்குவான்.

எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறது என்று ஒரு குறை உண்டு, என் வீட்டிலேயே சொல்வார்கள். எண்பதுகளில் எத்தனையோ ராக் குழுக்கள் கீபோர்டு, பளபளப்பு, சோகக் காதல் பாட்டு என்று காற்றடித்த பக்கம் சாய்ந்தபோது இவர்கள் இரண்டு கிடார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ், ஒரு குரல் என்று ஆரம்பித்ததை விட்டு நகரவே இல்லை. உசிலம்பட்டிப் பக்கம் கரகாட்டத்துக்கு செட் போடும்போது பார்த்திருக்கிறேன், நையாண்டி மேளத்தில் தவில்காரர் தன் திறமையைக் காட்டுகிறேன் என்று அடியை மாற்றிக்கொண்டே போனால் ஆடுகிறவர் தலையில் கரகம் நிற்காது, ஒரே அடியை விடாமல் பிடித்தால் அந்தம்மா கண்ணிமையால் ஊசி எடுக்கும். மாறாமல் இருப்பதற்குச் சரக்கு வேண்டும் ஐயா. சரக்கு இல்லாதவன் இரண்டாவது பாட்டிலேயே சலித்துப்போவான்.

அப்புறம், இவர்கள் நம்மைப் போல வேலைக்குப் போனவர்கள். யங் குடும்பம் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவில் கஷ்டப்பட்டு 1963-ல் ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிய குடும்பம். மால்கம் ஒரு ஆலையில் தையல் மிஷின் பழுது பார்த்தவர். பிரையன் ஜான்சன் இந்தக் குழுவில் வந்து சேர்வதற்கு முன்பு கார்களுக்கு வினைல் கூரை ஒட்டிப் போடுகிற பட்டறை வைத்திருந்தார். வேலை முடித்து, கையைக் கழுவிவிட்டு வந்து பாடுகிற குரல் அது. மில்லில் ஷிப்ட் பார்த்த என் நண்பன் ஒருவன் இங்கிலீஷே தெரியாமல் அந்தப் பாட்டுகளைக் கேட்பான், ராத்திரி ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வரும்போது அந்த அடியை ஹேண்டில் பாரில் தட்டிக்கொண்டே வருவேன் என்பான்.

வரிகளைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பிற்பாடு அக்காள் மகன் அர்த்தம் சொன்னபோது சில பாட்டுகள் வீட்டில் சொல்ல முடியாத பாட்டுகள் என்று தெரிந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை, அவற்றை நான் அதிகம் போடுவதும் இல்லை. அந்தப் பெரியவர் இதைக் கண்டித்து எழுதியிருந்தால் நான் பேனாவே எடுத்திருக்க மாட்டேன்.

கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும், இதை எழுதும்போது எனக்கு மனது சரியில்லாமல் போகிறது. 2008 வாக்கில் உலகச் சுற்றுப்பயணம் போனபோதே மால்கமுக்கு மறதி நோய் ஆரம்பித்துவிட்டது. தானே உருவாக்கி, முப்பது வருடம் வாசித்த பாட்டுகளைக் கச்சேரிக்கு முன்னால் புதிதாகப் படிக்கிறவர் மாதிரி உட்கார்ந்து மறுபடி கற்றுக்கொண்டு மேடை ஏறினார். கீழே நின்ற லட்சக்கணக்கானவர்களுக்கு அது தெரியாது. 2014-ல் இனி முடியாது என்று ஆனபோது அவர் இடத்தில் அண்ணன் மகன் ஸ்டீவி வந்து நின்றார். 2017 நவம்பர் 18-ல் மால்கம் இறந்துபோனார், வயது 64. அதற்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை, இன்னொரு அண்ணன் ஜார்ஜ் போய். அன்று சாயங்காலம் நாங்கள் நாலு பேர் என் கடை மாடியில் உட்கார்ந்து, அந்த மணியிலிருந்து ஆரம்பித்து ஆல்பம் முழுவதையும் கேட்டோம். யாரும் பேசவில்லை. 2020-ல் வந்த புது ஆல்பத்தில் எல்லாப் பாட்டும் அண்ணனும் தம்பியும் முன்பே சேர்ந்து போட்டு வைத்திருந்த மெட்டுகளிலிருந்து எடுத்தது, ஒவ்வொரு பாட்டிலும் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. 2024-ல் 69 வயதில் ஆங்கஸ் ஐரோப்பா முழுவதும் அதே அரைக்கால் சட்டையில் ஓடினார். இந்தக் குடும்பத்தை விட்டுவிடு என்றால் எப்படி விடுவது?

பேரனுக்கும் ஒரு வார்த்தை. தம்பி, வால்யூமைக் குறைத்துக் கேள். 2016-ல் பிரையன் ஜான்சனுக்குக் காது கேட்காமல் போய்விடும் என்று மருத்துவர்கள் எச்சரித்து, அவர் பாதிச் சுற்றுப்பயணத்தில் விலக வேண்டியதாயிற்று. எனக்கே இடது காதில் இப்போது சில சத்தங்கள் விழுவதில்லை. இரவு 10 மணிக்கு மேல் ஸ்பீக்கர் கூடாது என்ற விதியை நான் கோயில் கொடையிலும் மீறியதில்லை, அதற்காகக் கமிட்டிக்காரர்களிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன்.

பெரியவர் மனம் வைத்தால் பேரனையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் திருமங்கலத்துக்கு வரட்டும். முகூர்த்த நாளாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும், மற்ற நாளில் சாயங்காலம் கடையில்தான் இருப்பேன். டீ சொல்கிறேன். பழைய ஆம்ப் ஒன்றும் மரப்பெட்டி ஸ்பீக்கர் இரண்டும் வைத்திருக்கிறேன், பேச்சுச் சத்தத்துக்கு மேல் போகாமல் வைத்துப் போடுகிறேன். மால்கமுடைய கிடார் வருகிற இடதுபக்க ஸ்பீக்கர் அருகில் அவரை உட்கார வைத்து, மால்கமை மட்டும் கேளுங்கள் என்று சொல்லுவேன்.

இப்படிக்கு,
மைக் செட் தொழில் செய்யும் உங்கள் வாசகன்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.