பைக்குள் மரவள்ளித் தடி வேண்டாம்

அன்பின் குணா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். காலபோகத்துக்கு வயல் உழுதாயிற்று, மழையைத்தான் பார்த்துக்கொண்டு இருக்கிறோம்.

இலங்கைக்கு வரும்போது சேலத்து மரவள்ளித் தடி ஒரு கட்டு நடுவதற்குக் கொண்டு வரட்டோ என்று கேட்டிருந்தாய். வேண்டாம் மச்சான். சுங்கத்துக்குப் பயந்து சொல்லவில்லை. 2020இல் கேரளத்துத் திருச்சூரில் கண்ட மரவள்ளி மாவுப்பூச்சி பிறகு உங்கள் பக்கமும் பரவிவிட்டது. இளஞ்சிவப்பு உடம்பு, மேலே வெள்ளை மா. சாறு உறிஞ்சும்போது எச்சிலில் உள்ள நஞ்சு குருத்தில் ஏறும். கணுவிடை குறுகி, நுனி முட்டைக்கோவா மாதிரிச் சுருண்டுவிடும். ஆண் இல்லாமலே பெருகிற சாதி. தடியின் மொட்டுக்குப் பின்னால் ஒன்று ஒட்டியிருந்தாலே போதும், 400, 500 முட்டை இடும். மெழுகு மூடியிருப்பதால் மருந்து அடித்தாலும் அதன் உடம்பில் சரியாய்ப் படாது. அதை அழிக்கிற குளவிதான் சாகும்.

அந்தக் குளவி அனாகிரஸ் லோபெசி. பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். புழு உள்ளுக்குள் தின்று முடிய, பூச்சி பழுப்பு நிறக் கூடாய்க் காய்ந்து கிடக்கும். 1981இல் பரகுவேயில் தேடிப் பிடித்து, இங்கிலாந்தில் அடைத்து வைத்துப் பார்த்து, நைஜீரியாவில் விட்டார்கள். தாய்லாந்தில் 2008இல் பூச்சி தெரிந்தது. அடுத்த வருடமே மேற்கு ஆபிரிக்க நாடான பெனினில் இருந்து குளவி போய்ச் சேர்ந்தது. அதே பெனினில் இருந்து பெங்களூருக்கு எடுத்துப் பெருக்கி, 2022 மார்ச்சில் சேலம் ஏத்தாப்பூரில் விட்டார்கள். குளவியைத் தின்கிற வேறு குளவி கலந்து வந்திருக்கிறதா, நமக்கு வேண்டிய பூச்சிகளைத் தொடுகிறதா என்று மூடிய அறையில் பார்த்துத்தான் வெளியே விடுவது. சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின் 3ஆம் இலக்கத் தராதரம் இதற்கென்றே இருக்கிறது. குளவிக்கு இவ்வளவு கடதாசி. பூச்சியோ ஒரு கடதாசியும் இல்லாமல் தடியில் ஏறி வந்துவிடுகிறது.

இலையில் மஞ்சள் திட்டு விழுகிற தேமல் நோய் இன்னும் மோசம். இலங்கைப் பெயர் கொண்ட தேமல் வைரஸ் 2015இல் கம்போடியாவின் ரத்தனகிரியில் பிடிபட்டது. பிறகு வியட்நாம், தாய்லாந்து. தோட்டத்துக்குத் தோட்டம் வெள்ளை ஈ காவும், நெடுந்தூரம் போவது தடியால்தான். கொதிநீரும் பச்சைத்தண்ணீரும் சரிக்குச் சரி கலந்து தடியை 5 முதல் 10 நிமிடம் அமிழ்த்தினால் பூச்சியும் சிற்றுண்ணியும் சாகும். வைரஸ் சாகாது. நட்ட தடியில் முதல் முளைத்த அடி இலையிலேயே மஞ்சள் தேமல் இருந்தால் நோய் தடியோடு வந்தது; அடி இலை சுத்தமாய், மேல் இலை மட்டும் தேமல் என்றால் ஈ கொண்டு வந்தது. இரண்டையும் பிடுங்கத்தான் வேணும், ஆனால் முதலாவது என்றால் தடி தந்த தோட்டத்தையும் போய்ப் பார்க்க வேணும்.

அந்த இனம்தான் வேணுமென்றால் வழி இருக்கிறது: கட்டுநாயக்காவில் உள்ள தாவரத் தடுப்புக்காப்புப் பிரிவிடம் முதலில் இறக்குமதி அனுமதி, பிறகு இந்தியப் பக்கத்துத் தாவர நலச் சான்றிதழ். தடியாக இல்லாமல், குருத்து நுனியில் வளர்த்து வைரஸ் சோதித்த இழைய வளர்ப்பு நாற்றாய்ப் போத்தலில் எடுப்பதுதான் புத்தி. மாதக்கணக்கில் இழுபடும். இழுபடட்டும்.

இந்த ஐப்பசிக்கு இங்கத்தைத் தடியே நடுவோம். பத்து மாதம் முற்றின மரத்தில், நடுப்பகுதியில், 20 சென்றிமீற்றர் நீளம். காட்டுப்பன்றிக்கு எந்த இனமும் ஒன்றுதான், ஆகவே வேலியை முதலில் பார்க்க வேணும். நீ கொண்டு வருவதென்றால் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைவில்லை ஒன்று கொண்டு வா, மொட்டுக்குப் பின்னால் பார்க்க அதுதான் தேவை.

அன்புடன்,
சிவா